அரசின் எண், நிறுவனத்தின் ஊழியர்: 108 ஆம்புலன்ஸில் கழியும் 12 மணி நேரம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சிறிது தொலைவில், வராக மூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்த குடியிருப்புப் பகுதி ஸ்ரீவராகம். கோட்டையைச் சுற்றியுள்ள பிற பகுதிகளைப் போலவே இங்கும் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, முதிய பெற்றோர் மட்டும் தனித்து வாழும் வீடுகள் கேரள நகரங்கள் அனைத்திலும் பெருகிவிட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே கேரள மக்களில் 12.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்திருந்தனர். நாட்டின் சராசரி அப்போது 8.6 சதவீதம்தான்.

அத்தகைய வீடு ஒன்றில் அதிகாலையில் நெஞ்சுவலி வந்தால், அண்டை வீட்டாரை எழுப்புவதற்கு முன்பே கை தேடும் எண் 108. அழைத்தால் வண்டி வரும், பணம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை 15 ஆண்டுகளில் உறுதிப்பட்டுவிட்டது. ஆட்சியில் இருக்கும் கட்சிகள் எந்த மாநிலத்திலும் இந்த எண்ணைத் தம் சாதனைப் பட்டியலில் சேர்க்கத் தவறுவதில்லை. ஆனால், வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கும் மனிதர் யார், அவர் யாருடைய ஊழியர், அவருக்கு ஊதியம் தருவது யாருடைய பொறுப்பு என்ற கேள்விகளுக்கு மட்டும் நேரான விடை கிடைப்பதில்லை. அரசைக் கேட்டால் நிறுவனத்தைக் காட்டுகிறது. நிறுவனத்தைக் கேட்டால் அரசு வைத்துள்ள நிலுவையைக் காட்டுகிறது. மாநில அரசோ தில்லியைக் காட்டுகிறது.

"குளத்துக்கு எந்தக் கரை?"

ஸ்ரீவராகத்திலிருந்து செல்லும் அழைப்பு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போவதில்லை. மாநிலம் முழுமைக்குமான கட்டுப்பாட்டு அறை ஒன்று இருக்கிறது. காசர்கோட்டிலிருந்து அழைத்தாலும் களியக்காவிளை எல்லையிலிருந்து அழைத்தாலும் மணி ஒலிப்பது அங்குதான். அழைப்பை ஏற்பவர் முதலில் கேட்பது நோயைப் பற்றி அல்ல, இடத்தைப் பற்றி. தொடர்பு அறுந்துபோனாலும் வண்டியை அனுப்ப இடம் தெரிந்திருந்தால் போதும் என்பதே காரணம். கோயிலுக்கு எந்தப் பக்கம், குளத்துக்கு எந்தக் கரை, வீட்டுக்கு அருகே என்ன கடை என்று விசாரித்த பின்னரே, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்ற கேள்விகள் வரும். பதறிப்போயிருக்கும் உறவினருக்கு இந்த வரிசை எரிச்சலூட்டும். ஆயினும் பிழை நேரக்கூடிய இடம் இதுவே என்பதால் விசாரணை இப்படித்தான் நடக்கிறது.

செயற்கைக்கோள் உதவியால் வண்டிகளின் இருப்பிடம் திரையில் தெரியும். பணியில் இல்லாத அருகிலுள்ள வண்டிக்குத் தகவல் செல்லும். வண்டியில் இருப்பவர்கள் இருவர் மட்டுமே: 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநர், அவசர மருத்துவ உதவியாளர். விமானப் பணியை நினைவூட்டும் அந்தப் பெயர் ஓட்டுநருக்கு ஏன் வந்தது என்பதைவிட, அந்தப் பெயருக்கேற்ற ஊதியம் ஏன் வரவில்லை என்பதுதான் தொழிற்சங்கங்களின் கேள்வி.

கேரளத்தில் மருத்துவ உதவியாளராகப் பணியில் சேர்பவர்கள் பெரும்பாலும் செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள். பெண்களும் கணிசமாக உள்ளனர். தமிழகத்தில் நிலைமை வேறு. அங்கு செவிலியர் படிப்பு முடித்தவர்களுடன் உயிரியல் தொடர்பான அறிவியல் பட்டதாரிகளும் சேர்க்கப்பட்டு, ஏறத்தாழ 50 நாள் பயிற்சிக்குப் பின் வண்டியில் ஏற்றப்படுகின்றனர். ஒரே எண், ஒரே வகை வண்டி. எல்லையின் இருபுறமும் வண்டிக்குள் இருப்பவரின் படிப்பு வேறு வேறு.

கோட்டைப் பகுதியின் சந்துகள் ஆம்புலன்ஸுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு நடந்துதான் பல வீடுகளை அடைய வேண்டும். பழைய வீடுகளின் குறுகிய படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. நாற்காலியில் அமர்த்தியோ, போர்வையின் நான்கு முனைகளைப் பிடித்தோ இறக்க வேண்டியிருக்கும். இருவர் மட்டும் இதைச் செய்ய இயலாது என்பதால் அண்டை வீட்டு இளைஞர்கள் கைகொடுப்பார்கள். அண்டை வீட்டில் இளைஞர் இல்லாத தெருக்கள்தான் இப்போது கூடி வருகின்றன.

இரண்டு கைகள், ஓர் உயிர்

"சீக்கிரம் எடுத்துக்கொண்டு போங்கள்" என்பதே உறவினர்களின் முதல் குரல். மருத்துவம் சொல்வது எப்போதும் அதுவல்ல. மூச்சுத் திணறலுக்கு முதலில் பிராணவாயு; ரத்தப் பெருக்குக்கு முதலில் அழுத்திக் கட்டுதல்; விபத்தில் சிக்கியவரின் கழுத்தை அசையாமல் கழுத்துப் பட்டையில் நிறுத்தி, பலகையில் கிடத்திய பின்னரே தூக்குதல். இந்த 5 நிமிடத் தாமதத்தைக் கண்டு பொறுமையிழக்கும் கூட்டம் சில நேரங்களில் கையை ஓங்குவதும் உண்டு. வண்டி தாமதமாக வந்தது என்று தொடங்கும் வசவு, வந்தவர் நின்று வைத்தியம் பார்க்கிறார் என்று முடியும்.

இதயம் நின்றுபோன நோயாளியின் நிலைமை இன்னும் கடினமானது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். 30 முறை அழுத்தியதும் காற்றுப் பையால் இரு முறை மூச்சு கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறினால்தான் அழுத்தத்தின் வலு குறையாமல் இருக்கும் என்கின்றன சர்வதேச நெறிமுறைகள். வண்டி நகரத் தொடங்கியதும் ஓட்டுநர் முன்னே போய்விடுகிறார். பின்னே இருப்பவர் ஒருவரே. கிழக்குக் கோட்டை நெரிசலில் வண்டி திரும்பும்போதும் நிற்கும்போதும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், அழுத்துவதற்கு எந்தக் கை? மாறிக்கொள்ள எந்த ஆள்? தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறை மருத்துவரின் குரல் வழிகாட்டும். குரலுக்குக் கைகள் கிடையா.

எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்ற முடிவும் எளிதல்ல. ஸ்ரீவராகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது கோட்டைப் பகுதியின் தாலுகா மருத்துவமனை. சற்றே தள்ளி அரசு பொது மருத்துவமனை. நகரின் மறுபுறத்தில் 1951-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. காய்ச்சலுக்கு அருகிலிருப்பது போதும். வாய் கோணிப் பேச்சுக் குழறும் பக்கவாத நோயாளிக்கு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்; அதற்கு முன் மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத மருத்துவமனைக்கு விரைந்து சென்றால், விரைவே வீணாகும். எனவே கடைசியாக நோயாளி நல்ல நிலையில் இருந்தது எத்தனை மணிக்கு என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை பெறுவது அவசியமாகிறது. தனியே வசிக்கும் முதியவரின் வீட்டில் அதற்கு விடை சொல்ல ஆள் இருப்பதில்லை.

மருத்துவமனை வாசலை அடைந்ததும் பணி முடிந்துவிடுவதாக வெளியிலிருப்போர் நினைக்கக்கூடும். அங்குதான் இன்னொரு காத்திருப்பு தொடங்குகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் காலிப் படுக்கையோ ஸ்ட்ரெச்சரோ இல்லையெனில், ஆம்புலன்ஸின் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளி கிடப்பார். ஸ்ட்ரெச்சர் திரும்பி வராமல் வண்டி அடுத்த அழைப்புக்குப் புறப்பட முடியாது. இது கேரளத்துக்கோ இந்தியாவுக்கோ மட்டும் உரிய துன்பமன்று. நோயாளியை 15 நிமிடங்களில் ஒப்படைக்க வேண்டும் என்று இலக்கு வைத்துள்ள பிரிட்டனிலேயே, மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்ற காட்சிகள் அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்ற விவாதமாயின.

ஒப்படைத்த பின் படிவம். நோயாளியின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, சென்ற தூரம், நேரம் அனைத்தும் எழுதி மருத்துவமனையில் கையொப்பம் பெற வேண்டும். ரத்தமும் வாந்தியும் படிந்த தளத்தைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, விரிப்பை மாற்ற வேண்டும். சிலிண்டரில் எஞ்சியுள்ள அளவைப் பார்க்க வேண்டும். இவை எவற்றையும் புகைப்படம் எடுப்பார் இல்லை. மாநில சுகாதாரத் துறையின் செய்திக் குறிப்பில் ஓட்டுநர், மருத்துவ உதவியாளர் இருவரின் பெயரும் இடம்பெறுவது பெரும்பாலும் ஒரே ஒரு சமயத்தில்தான்: வண்டியிலேயே பிரசவம் நடந்து, தாயும் சேயும் நலமாக இருக்கும்போது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நடக்கும் மாநிலத்தில் அது செய்தியாவதில் வியப்பில்லை.

சங்கொலியின் மதிப்பு

அவசர ஊர்திக்கு வழிவிட மறுப்போருக்கு ரூ.10 ஆயிரம் வரை அபராதம் விதிக்க 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. அமைச்சர்கள், அதிகாரிகள் வாகனங்களின் சிவப்புச் சுழல்விளக்குகள் 2017 மே 1 முதல் அகற்றப்பட்டதும் தில்லியில் பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. விளக்கு போனாலும் வழக்கம் போகவில்லை என்பதற்குத் தலைநகரிலேயே சான்றுகள் உண்டு.

கேரள மக்கள் ஆம்புலன்ஸுக்கு வழிவிடும் பண்பு நாடறிந்ததே. 2019 ஏப்ரலில் மங்களூரிலிருந்து 15 நாள் குழந்தையை ஏற்றிக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தை நோக்கிப் புறப்பட்டபோது, வழியெங்கும் மக்கள் சாலையில் இறங்கிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினர். அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே.சைலஜா தலையிட்டு, குழந்தையை வழியிலேயே கொச்சி மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்தார். தொலைக்காட்சிகள் நாள் முழுதும் ஒளிபரப்பிய அந்தப் பயணம் போற்றத்தக்கதே. ஆயினும் ஈஞ்சக்கல் சந்திப்பிலும் சாலைக் கடைத்தெருவிலும் அன்றாடம் வழி கேட்டு நிற்கும் வண்டிக்குக் கேமரா துணையில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை இந்த நகரமே வழியின்றிப் போகும் நாளும் உண்டு. மாசி மாத வாக்கில் வரும் ஆற்றுகால் பொங்கலன்று பல லட்சம் பெண்கள் நகரச் சாலைகளில் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகின்றனர். 2009-ல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு உள்ளது. கோயிலுக்கு வெகு அருகிலுள்ள மணக்காடு, கோட்டை, ஸ்ரீவராகம் பகுதிகளில் அடுப்பில்லாத தெருவைக் காண்பது அரிது. புகையில் மூச்சுத் திணறுவோர், வெயிலில் மயங்கி விழுவோர், தீக்காயம் படுவோர் என அந்த ஒரு நாளில் எல்லா வகை அழைப்பும் வரும். சக்கரம் செல்ல முடியாத இடத்தில் கால்நடையாகவே ஸ்ட்ரெச்சர் செல்கிறது. கொரோனா காரணமாக 2021, 2022 ஆண்டுகளில் பொங்கல் வீடுகளுக்குள் சுருங்கியது.

அந்தக் கொரோனா காலத்தில் ஸ்ரீவராகத்தை அடுத்த கடலோரம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. 2020 ஜூலையில் பூந்துறை, புல்லுவிளை மீனவக் கிராமங்களில் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். அத்தகைய அறிவிப்பை வெளிப்படையாகச் செய்த முதல் மாநிலம் கேரளமே. நோய்த்தொற்று உள்ளவர்களை வீட்டிலிருந்து சிகிச்சை மையத்துக்கு அழைத்துச் செல்லும் பணி 108 ஊழியர்களுடையதாயிற்று. முழுக் கவச உடைக்குள் நீர் அருந்தாமல், சிறுநீர் கழிக்காமல் மணிக்கணக்கில் இருந்தவர்களுக்கு மலர் தூவப்பட்டது. நிரந்தரப் பணி பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு குற்றமும் ஒரு பாடமும்

இதே காலத்தில்தான் இந்தச் சேவையின் வரலாற்றில் மிகக் கொடிய நிகழ்வும் நடந்தது. 2020 செப்டம்பரில் பத்தனம்திட்டை மாவட்டம் ஆரன்முளை அருகே, நோய்த்தொற்றுக்கு ஆளான இளம்பெண்ணை 108 ஆம்புலன்ஸின் ஓட்டுநரே வழியில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார். 2025 ஏப்ரலில் பத்தனம்திட்டை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அன்று அந்த வண்டியில் மருத்துவ உதவியாளர் இல்லை. ஓட்டுநர் மட்டுமே இருந்தார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. குற்றத்துக்குக் குற்றவாளியே பொறுப்பு. ஆனால், பின்னிருக்கை காலியாக இருந்ததற்கு அவர் பொறுப்பல்ல. ஆளைக் குறைத்து வண்டியை மட்டும் ஓட்டினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

கேரளத்தில் 108 சேவை முதலில் வந்தது 2010-ல், 25 வண்டிகளுடன், திருவனந்தபுரம் மாவட்டத்தில் மட்டும். 2012-ல் ஆலப்புழைக்கு விரிந்தது. 'கனிவு' என்ற பெயரில் 315 வண்டிகளுடன் மாநிலம் முழுவதும் விரிவடைந்தது 2019 செப்டம்பரில். திட்டம் மாநில அரசின் மருத்துவச் சேவைக் கழகத்தின் மேற்பார்வையில் உள்ளது. நடத்தும் பொறுப்பு ஒப்பந்த அடிப்படையில் ஹைதராபாதைச் சேர்ந்த இ.எம்.ஆர்.ஐ. அமைப்புக்குத் தரப்பட்டது. 2005-ல் சத்யம் நிறுவனர் ராமலிங்க ராஜுவால் ஆந்திரத்தில் தொடங்கப்பட்டது அந்த அமைப்பு. 2009-ல் சத்யம் கணக்கு மோசடி வெடித்தபோது, 108 என்னவாகும் என்ற அச்சம் பல மாநிலங்களில் எழுந்தது, ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது. 2008 செப்டம்பரில் தமிழகத்தில் இந்தச் சேவையைத் தொடங்கியதும் இதே அமைப்புடன்தான். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தோடு லட்சக்கணக்கானோரின் அவசர சிகிச்சை பிணைக்கப்பட்டிருந்தது என்பதை நாடு உணர்ந்த தருணம் அது. பின்னர் மறந்தும் போனது.

நிலுவை யாருடையது?

2024-ல் ஊதியம் உரிய தேதியில் வராததைக் கண்டித்து கேரள 108 ஊழியர்கள் மீண்டும் மீண்டும் போராட்டத்தில் இறங்கினர். அப்போது அவர்கள் தேர்ந்தெடுத்த வழி கவனத்துக்குரியது. வீடுகளிலிருந்தும் விபத்து இடங்களிலிருந்தும் வரும் அழைப்புகளை மறுக்கவில்லை. ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொரு மருத்துவமனைக்கு நோயாளியை மாற்றும் பணியை மட்டும் புறக்கணித்தனர்.

இதன் பொருளைப் புரிந்துகொள்ள, தாலுகா மருத்துவமனைகளின் அன்றாடத்தை அறிய வேண்டும். அங்கு கையாள முடியாத நோயாளிகளை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது வழக்கம். அதற்கு மருத்துவமனையின் சொந்த வண்டி இல்லையெனில் 108 வண்டியே போகும். போய்த் திரும்பும்வரை அந்தப் பகுதிக்கு அவசர ஊர்தி இல்லை. ஸ்ரீவராகத்தில் ஒருவர் விழுந்து கிடக்கும்போது, அருகிலுள்ள வண்டி மருத்துவக் கல்லூரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்காகக் காத்து நிற்கக்கூடும். அழைப்பு அடுத்த வண்டிக்குப் போகும். ஆகவே ஊழியர்கள் புறக்கணித்த பணி, அவசர சேவையின் மேல் சுமத்தப்பட்ட கூடுதல் சுமையே. உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அவர்கள் மீது சுமத்துவது எளிது. அளந்து செய்யப்பட்ட போராட்டம் என்பதே நியாயமான மதிப்பீடு.

அரசிடமிருந்து வரவேண்டிய தொகை வராததே தாமதத்துக்குக் காரணம் என்றது நிறுவனத் தரப்பு. மத்திய அரசின் பங்கு சுருங்கிவருவது கேரள அரசின் நீண்டகாலக் குறை. இதில் உண்மையில்லாமல் இல்லை. தேசிய சுகாதார இயக்கத்தின் தொடக்ககால விதிப்படி, ஆம்புலன்ஸ் இயக்கச் செலவில் மத்திய அரசு முதலாண்டு 60 சதவீதமும், இரண்டாமாண்டு 40 சதவீதமும், அதன்பின் 20 சதவீதமும் அளிக்கும். சேவையைத் தொடங்கத் தூண்டிவிட்டு, படிப்படியாகக் கையை விலக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. கணக்கு யாருடையதாக இருப்பினும், மாதத்தின் முதல் வாரத்தில் வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் இந்த மூன்று தரப்பிலும் இல்லை.

நிறுவனம் மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் உதாரணம். 2021-ல் அங்கு உயர் உயிர்காப்பு ஆம்புலன்ஸ்களை இயக்கும் ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்குப் போனது. வேலையும் ஊதியமும் பறிபோகும் என்று அஞ்சிய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது. நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பஞ்சாபில் 2023 ஜனவரியில் 108 ஊழியர்கள் லூதியானா அருகே நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் வண்டிகளை நிறுத்திப் போராடினர். இடைநிலை நிறுவனத்தை நீக்கித் தங்களை அரசுத் துறையில் சேர்க்க வேண்டும் என்பதே கோரிக்கை. தலைநகர் தில்லியில் 'கேட்ஸ்' ஆம்புலன்ஸ் ஊழியர்கள் 2019-ல் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டபோதும் கோரிக்கை வேறாக இருக்கவில்லை. காங்கிரஸ், பாஜக, ஆம் ஆத்மி, இடதுசாரிகள் என எந்தக் கட்சியின் ஆட்சியிலும் ஒப்பந்தத்தின் வடிவம் மாறவில்லை. வேலைநிறுத்தம் செய்தால் இது அத்தியாவசியப் பணி. நிரந்தரம் கேட்டால் இது நிறுவனத்தின் பணி.

நீதிமன்றத்தை நாடவும் வழி குறுகலானது. ஒப்பந்த ஊழியர்கள் காலநீட்சியால் நிரந்தரம் கோர முடியாது என்று 2006-ல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் முன்னே நிற்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016-ல் அதே நீதிமன்றம் பஞ்சாப் அரசின் தற்காலிக ஊழியர் வழக்கில் கூறியது. அரசுக்கும் ஊழியருக்கும் நடுவே ஒரு நிறுவனம் நிற்கும்போது அதை எட்டிப்பிடிப்பது கடினம்.

வண்டிக்கு இலக்கணம் உண்டு

நாட்டில் 2022-ம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இந்தத் துயரைக் குறைக்கச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு எந்த மருத்துவரும் சிகிச்சை மறுக்கலாகாது என்று பரமானந்த கட்டாரா வழக்கில் 1989-ல் தீர்ப்பு வந்தது. உதவ முன்வருவோருக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் அளித்த பாதுகாப்பு, 2019-ல் சட்டமாயிற்று. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புடன் உத்தரவிட்ட பிறகே, விபத்தில் சிக்கியோருக்கு 7 நாள்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு அறிவிக்கை செய்தது. தமிழகம் 2021 டிசம்பரிலேயே முதல் 48 மணி நேரத்துக்கு ரூ.1 லட்சம் வரை இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது.

மருத்துவமனைக்குப் பணம் உண்டு. உதவும் வழிப்போக்கருக்குப் பாதுகாப்பு உண்டு. வண்டியின் உள்ளளவு, விளக்கு, வண்ணம், ஸ்ட்ரெச்சரின் தாங்குதிறன் ஆகியவற்றுக்குத் தேசிய ஆம்புலன்ஸ் தர விதிகள் உண்டு. வண்டிக்குள் இருப்பவரின் தகுதிக்கும் பணிநேரத்துக்கும் நாடு தழுவிய விதி எங்கே? நீதி ஆயோக் 2021 டிசம்பரில் வெளியிட்ட, தில்லி எய்ம்ஸ் நிபுணர்கள் மேற்கொண்ட ஆய்வு இதை அம்பலப்படுத்தியது. பார்வையிட்ட மருத்துவமனைகளில் 91 சதவீதத்தில் ஆம்புலன்ஸ் இருந்தது. பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்கள் இருந்தது 34 சதவீதத்தில் மட்டுமே.

2021-ல் நிறைவேறிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற பெயர் முதன்முறையாக இடம்பெற்றது. மாநிலங்கள் கவுன்சில் அமைப்பதில் காட்டிய மெத்தனத்தால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரு மாதக் கெடு விதிக்க நேர்ந்தது. இதிலும் கேரளத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கு வண்டியில் இருப்பவர் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர். ஆனால் வகிக்கும் பதவி செவிலியர் அல்ல. தமிழகத்தின் அறிவியல் பட்டதாரிக்கோ எந்தக் கவுன்சிலிலும் பதிவு இல்லை. ஒருவருக்குப் பதிவு உண்டு, பதவி இல்லை. மற்றவருக்குப் பதவி உண்டு, பதிவு இல்லை.

இந்தத் தொழில் பிறந்த கதையிலும் இதே முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நோயாளிகளைப் போலீஸ் வண்டியில் அள்ளிப்போட்டுச் சென்ற காலத்தில், 1967-ல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு, இதய இயக்க மீட்பு முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சாஃபர் பயிற்சி அளித்தார். நோயாளியைத் தூக்கிச் செல்பவரே வழியில் சிகிச்சையும் அளிக்கலாம் என்பதை அவர்கள் நடைமுறையில் நிறுவினர். அவர்களது பயிற்சித் திட்டம் அமெரிக்கா முழுவதற்கும் முன்மாதிரியானது. 1975-ல் நகர நிர்வாகம் சேவையைத் தானே எடுத்துக்கொண்டபோது, தொழிலை உருவாக்கிய அந்த ஊழியர்களில் பலர் புதிய அமைப்பில் நிலைக்க முடியாமல் வெளியேற்றப்பட்டனர். அரசுமயம் ஆனாலே ஊழியர் காப்பாற்றப்படுவார் என்று எண்ணுவோரும் இதை நினைவில் கொள்ளலாம். ஒப்பந்தம் யாருக்கு என்பதோடு, ஏற்கெனவே பணியில் இருப்போரின் பணிமூப்பு என்னவாகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேரளத்தில் 2019 ஒப்பந்தத்தின் ஐந்தாண்டுக் காலம் 2024-ல் முடிந்து, நீட்டிப்புகளால் சேவை தொடர்ந்தது. அடுத்த ஒப்பந்தத் தொகை எவ்வளவு, யாருக்குச் சாதகமாக விதிகள் அமைந்தன என்பது பற்றி 2025-ல் காங்கிரஸ் மூத்த தலைவர் ரமேஷ் சென்னிதலா எழுப்பிய ஊழல் குற்றச்சாட்டை அரசுத் தரப்பு மறுத்தது. கோடிகளைப் பற்றிய அந்த வாக்குவாதத்தில், ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மணி நேரம், நிறுத்துமிடத்தில் பெண் ஊழியர்களுக்குக் கழிப்பறை உண்டா என்ற கேள்விகள் பெரிதாக எழவில்லை.